பேரனின் ஐந்தும் என் ஐந்தும்: ஒரு சிமுலேட்டர் கடை விமர்சனம்

கடையை விட்டு வெளியே வந்ததும் பேரன் போனை நீட்டினான். "தாத்தா, ரேட்டிங் கேக்கறாங்க. எத்தனை போடட்டும்?"

"அஞ்சு" என்றேன்.

ஐந்து நட்சத்திரத்தையும் மஞ்சளாக்கி அனுப்பிவிட்டான். கல்லாவில் இருந்த பையனுக்கு முகமெல்லாம் பல். "தேங்க்ஸ் அங்கிள்!" என்று லிஃப்ட் வரை வந்து வழியனுப்பினான். ஸ்கூட்டரை எடுக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. நான் சொன்னது ஐந்துக்கு ஐந்து இல்லை, சோதனை விமானிகள் போடுகிற கணக்கில் பத்துக்கு ஐந்து. அந்தக் கணக்கில் ஒன்றுதான் உச்சம். பத்து என்றால் விமானம் விமானியின் கையை விட்டுப் போய்விட்டது என்று அர்த்தம். ஐந்து என்றால், "சமாளிக்கலாம், ஆனால் ஓட்டுகிறவன் கணிசமாக மெனக்கெட வேண்டும், இதைத் திருத்துங்கள்."

அந்தத் தப்பான ஐந்து நட்சத்திரத்துக்குப் பரிகாரமாகத்தான் இதை எழுதுகிறேன். கடையின் பெயரைப் போடவில்லை. இந்த மாதிரி போர் விமான சிமுலேட்டர் கடைகள் இப்போது பெரிய ஊர்களில் எல்லாம் வந்துவிட்டன. எதற்குள் நுழைந்தாலும் கேட்க வேண்டிய கேள்விகள் ஒன்றுதான்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். விமானி இல்லை. 1979-ல் ஆம்பூரிலிருந்து ரயிலேறி விமானப்படையில் சேர்ந்தவன். இன்ஸ்ட்ருமென்ட் ஃபிட்டர், சார்ஜென்டாக வெளியே வந்தேன். கடைசி ஒன்பது வருடம் பெங்களூரில், ஏ.எஸ்.டி.இ. என்று சொல்வோமே, அந்தச் சோதனை யூனிட்டில். 1972-ல் தொடங்கியது. படைக்குப் புதிதாக ஒரு விமானம் வருகிறது, அல்லது பழைய விமானத்தில் புதிதாக ஒரு ரேடாரோ ஏவுகணையோ மாட்டுகிறார்கள் என்றால், அதை எடுத்துப் பறந்து பார்த்து, "இது இவ்வளவுதான் செய்யும், இங்கே கடிக்கும்" என்று எழுதித் தருகிறவர்கள் அவர்கள். சோதனை விமானிகளுக்கான பள்ளியும் அதே இடத்தில்தான். உலகத்திலேயே இப்படிப்பட்ட பள்ளிகள் விரல் விட்டு எண்ணிவிடும் அளவுதான்.

என் வேலை ஆரஞ்சு வயர். சோதனைக்கு வருகிற விமானத்தில் நாங்கள் மாட்டுகிற வயர் எல்லாம் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். சோதனை முடிந்து கழற்றும்போது விமானத்தின் சொந்த வயரோடு குழம்பிவிடக் கூடாது, அதற்காக. ஸ்டிக்கை எவ்வளவு பலத்தோடு இழுத்தார், எவ்வளவு தூரம் அசைத்தார், வால் எத்தனை டிகிரி திரும்பியது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சென்சார் ஒட்டி ரெக்கார்டருக்குக் கொண்டுபோவோம். ஒருநாள் ரெக்கார்டரில் டேப் மாட்டாமலே மூடியை மூடி அனுப்பிவிட்டேன். விமானம் போய் ஐம்பது நிமிடம் பறந்து வந்தது. அன்றைக்கு எனக்குக் கிடைத்த அர்ச்சனையை இங்கே எழுத முடியாது.

சரி, கடைக்கு வருகிறேன்.

பேரனுக்குப் பதினான்கு வயது. 2025 ஜூனில் சுபான்ஷு சுக்லா விண்வெளி நிலையத்துக்குக் கிளம்பியதிலிருந்து வீட்டில் வேறு பேச்சே கிடையாது. அவரும், அவரோடு ககன்யானுக்குத் தேர்வான மற்ற மூன்று பேரும் சோதனை விமானிகள்தான், அதில் அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர் என்று நான் சொன்னதிலிருந்து, "தாத்தா, அப்போ நீங்க அவங்க கூடவா வேலை செஞ்சீங்க?" என்று என்னையும் ஒரு சுற்று மரியாதையோடு பார்க்க ஆரம்பித்தான். அவர்களெல்லாம் எனக்கு வெகு காலம் கழித்து வந்தவர்கள் என்பதை நான் கொஞ்சம் தாமதமாகத்தான் சொன்னேன். அவன் பிறந்தநாளுக்கு இந்தச் சிமுலேட்டர். அரை மணி நேரம் 1,800 ரூபாய். சனி, ஞாயிறு என்றால் 2,200.

நாங்கள் போன வழி பெங்களூர் விமானபுராவிலிருந்து சுரஞ்சன் தாஸ் ரோடு. தினமும் ஆயிரக்கணக்கான பேர் டிராஃபிக்கில் நின்று திட்டிக்கொண்டே கடக்கிற ரோடு அது. யார் அந்த தாஸ் என்று பேரன் கேட்டான். நம் நாட்டில் உருவான முதல் போர் விமானமான எச்.எஃப்-24 மாருத்தை 1961 ஜூன் 17 அன்று முதன்முதலில் மேலே கொண்டுபோனவர். கிரண் பயிற்சி விமானத்தையும் 1964-ல் முதலில் ஓட்டியவர் அவர்தான். 1970 ஜனவரியில் அதே மாருத்தின் வேறொரு வடிவத்தைச் சோதிக்கக் கிளம்பியபோது இங்கேயே விழுந்து இறந்தார். சிக்னலில் நிற்கும்போது சொன்னேன். பேரன் ரோட்டுப் பெயர்ப் பலகையைத் திரும்பிப் பார்த்தான். பச்சை விழுந்துவிட்டது.

கடை ஒரு வணிக வளாகத்தின் மூன்றாவது மாடியில். பொம்மைக் கடைக்கும் பல் டாக்டருக்கும் நடுவில். உள்ளே நல்ல ஏசி, சுவரெல்லாம் விமானப் படங்கள். எஃப்-16 காக்பிட் மாதிரி ஒன்று செய்து வைத்திருக்கிறார்கள். எதிரே மூன்று பெரிய டிவி வளைத்து வைத்தது போல, வலக்கைப் பக்கம் ஸ்டிக், இடக்கைப் பக்கம் த்ராட்டில், உட்காரும் சீட் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் சாயும். சுவிட்ச் பேனல் எல்லாம் கையால் வெட்டி ஒட்டியது. தொட்டுப் பார்த்தேன், சுத்தமான வேலை. செய்தவன் கை நல்ல கை. கடை முதலாளியே செய்ததாம். இருபத்தாறு, இருபத்தேழு வயதுதான் இருக்கும். கம்ப்யூட்டர் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறான். இந்த இடத்தில் என் அபிமானம் அவன் பக்கம் சாய்ந்துவிட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆனால் பிரீஃபிங் இரண்டே நிமிடம். "இது ஸ்டிக், இது த்ராட்டில், இதை அழுத்தினா மிசைல்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். எங்கள் பக்கத்தில் நாற்பது நிமிடப் பறத்தலுக்கு ஒன்றரை மணி நேரம் பேசுவார்கள். முழங்காலில் கட்டிக்கொள்ளும் அட்டையில் ஒவ்வொரு வரியாக எழுதியிருக்கும்: எந்த உயரம், எந்த வேகம், ஸ்டிக்கை எப்படி அசைக்க வேண்டும், எந்த எண்ணைத் தாண்டினால் நிறுத்திவிட வேண்டும். அட்டையில் இல்லாததை மேலே போய் யாரும் புதிதாகச் செய்து பார்ப்பதில்லை. கடையில் அந்த அளவுக்கு யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள்தான். ஆனாலும் விமானத்தை எப்படி நேராக வைத்திருப்பது என்று சொல்லாமல் மிசைலைக் காட்டினால், பதினான்கு வயதுப் பையன் என்ன செய்வான்? முதல் பத்து நிமிடத்தில் நான்கு முறை தரையில் இடித்தான்.

இடித்த ஒவ்வொரு முறையும் திரையில் சிவப்பாக ஒரு வாசகம் வந்து, ஸ்பீக்கரில் கொக்கரிக்கிற மாதிரி ஒரு சிரிப்புச் சத்தம். மற்றவர்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம். எனக்கு 2009 மார்ச் 6 நினைவுக்கு வந்தது. சாரஸ் விமானத்தின் இரண்டாவது மாதிரியில், பறக்கும்போதே ஒரு இன்ஜினை நிறுத்தி மறுபடி உயிர்ப்பிக்கும் சோதனை. பிடதி பக்கம் விழுந்தது. இறந்த மூன்று பேரும் ஏ.எஸ்.டி.இ. ஆட்கள், அதில் சோதனைப் பொறியாளராகப் போனவர் ஸ்குவாட்ரன் லீடர் இளையராஜா. 2019 பிப்ரவரி 1, ஹெச்.ஏ.எல். விமான நிலையத்திலேயே, மேம்படுத்தப்பட்ட மிராஜ் போர் விமானத்தை ஏற்றுக்கொள்வதற்கு முன் பறந்து பார்க்கக் கிளம்பி இறந்த இரண்டு பேர், சமீர் அப்ரோலும் சித்தார்த்த நேகியும். அவர்களும் அங்கிருந்து வந்தவர்கள்தான். அந்தச் சிரிப்பை நிறுத்தச் சொன்னேன். பையன் ஏன் என்று கேட்கவில்லை, உடனே நிறுத்திவிட்டான்.

பேரன் ஐந்தாவது முறையாகத் தரை இறக்க முயன்றபோதுதான் நான் கவனிக்க ஆரம்பித்தேன். விமானத்தின் மூக்கு மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கிறது. அவன் கீழே தள்ளுகிறான், போதவில்லை என்று இன்னும் தள்ளுகிறான், அதற்குள் முதலில் தள்ளியது வேலை செய்து மூக்கு தொபீரென்று இறங்குகிறது, பயந்து இழுக்கிறான், மறுபடி அதே கதை. பக்கத்தில் இருந்த ஒருவர், "பையனுக்குக் கை பழகலை" என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கை, விமானம் இரண்டும் சேர்ந்து போடுகிற ஆட்டம் அது. விமானியே தூண்டிவிடும் ஊசலாட்டம். இதில் சிக்காத பெரிய கம்பெனி கிடையாது.

எஃப்-16-ன் கதையே இதிலிருந்துதான் தொடங்குகிறது. 1974 ஜனவரி 20, அமெரிக்காவின் எட்வர்ட்ஸ் தளம். அன்றைக்குப் பறப்பதாகவே திட்டம் இல்லை, ஓடுபாதையில் வேகமாக ஓடிப் பார்ப்பது மட்டும்தான். ஓட்டியவர் ஃபில் ஓஸ்ட்ரைக்கர். அந்த விமானத்தில் ஸ்டிக் கிட்டத்தட்ட அசையவே அசையாது, கை கொடுக்கிற அழுத்தத்தை மட்டும் உணரும். பக்கவாட்டுச் சாய்வுக்கு அந்த உணர்ச்சி அளவுக்கு மீறி வைக்கப்பட்டிருந்தது. முன்சக்கரம் கிளம்பியதும் விமானம் இடமும் வலமும் ஆட ஆரம்பித்து, வால் பகுதி ஓடுபாதையில் உரசிவிட்டது. ஓடுபாதைக்கு வெளியே போய் மோதுவதைவிட மேலே போவதே மேல் என்று அவர் கிளம்பிவிட்டார். ஆறு நிமிடம் சுற்றி வந்து இறக்கினார். அதிகாரபூர்வமான முதல் பறத்தல் பிப்ரவரி 2 என்றுதான் பதிவாகியிருக்கும். அந்த ஆறு நிமிடத்துக்கு வரிசை எண் பூஜ்யம். பிற்பாடு ஸ்டிக் கொஞ்சமாவது அசையும்படி செய்தார்கள். அசையாத ஒன்றைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு அழுத்துகிறோம் என்று மனிதக் கைக்குத் தெரிவதில்லை.

ஸ்வீடனின் கிரிப்பன் இதைவிட மோசம். முதல் மாதிரி விமானம் 1989 பிப்ரவரி 2 அன்று தரை இறங்கும்போது இப்படியே ஆடி ஆடி ஓடுபாதையில் புரண்டது. விமானி உயிரோடு வந்தார். இந்தப் படங்களை இணையத்தில் பார்த்திருப்பீர்கள். இப்படியெல்லாம் நடந்ததால்தான் நம் தேஜஸின் பறத்தல் கட்டுப்பாட்டை வருடக்கணக்கில் தரையில் சிமுலேட்டரில் ஓட்டிப் பார்த்தார்கள். அமெரிக்காவுக்குக் கொண்டுபோய், இன்னொரு விமானம் போல நடிக்கத் தெரிந்த எஃப்-16 ஒன்றிலும் போட்டுப் பார்த்தார்கள். 1998 அணுகுண்டுச் சோதனைக்குப் பிறகு அந்தக் கதவு மூடியது. 2001 ஜனவரி 4 அன்று தேஜஸ் முதலில் கிளம்பியதை நான் என் வீட்டு மொட்டை மாடியிலிருந்து பார்த்தேன். ஓட்டியவர் விங் கமாண்டர் ராஜீவ் கோத்தியால், பதினெட்டு நிமிடம். பக்கத்து வீட்டம்மா வடாம் காயப்போட வந்தவர், "என்ன சார் வெயிலில் நின்னுட்டு அழறீங்க?" என்று கேட்டார்.

ஆக, சிமுலேட்டர் என்பது எனக்கு விளையாட்டுச் சாமான் இல்லை. மறுநாளே சூட்கேஸ் எடை பார்க்கிற டிஜிட்டல் தராசு ஒன்றை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன், முந்நூறு ரூபாய்ச் சாமான். முன்பு ஸ்டிக்கின் பலத்தை அளக்க எங்களிடம் ஒரு கைக்கருவி இருந்தது. அதுவும் கொக்கி, இதுவும் கொக்கி.

அடுத்த முறை நான் தனியாகப் போகவில்லை. ஐந்து என்று சொல்ல எனக்கு உரிமையே கிடையாது என்பதுதான் உண்மை. அந்த எண்ணை ஓட்டுகிறவர்தான் சொல்ல வேண்டும். எனவே என் பழைய சார் ஒருவரைக் கூப்பிட்டேன். ஓய்வுபெற்ற விங் கமாண்டர், சோதனை விமானி, எழுபத்தொரு வயது. பாலக்காட்டுக்காரர், தமிழ் நன்றாக வரும். இத்தனை வருடம் ஆகியும் என்னை "சார்ஜென்ட்" என்றுதான் கூப்பிடுவார்.

"சார்ஜென்ட், டாஸ்க் என்ன?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. கடை எங்கே, எவ்வளவு காசு என்றெல்லாம் கேட்கவில்லை.

அதுதான் அந்த மதிப்பெண்ணின் உயிர். கூப்பர் என்ற நாசா சோதனை விமானியும் ஹார்ப்பர் என்ற ஆராய்ச்சி விமானியும் சேர்ந்து 1969-ல் வெளியிட்ட அளவுகோல் இது. இன்றைக்கும் உலகம் முழுக்க இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். "விமானம் எப்படி இருக்கு?" என்று அதில் கேள்வியே கிடையாது. முதலில் ஒரு வேலையைக் கொடுக்க வேண்டும், எந்த அளவு துல்லியம் வேண்டும் என்று எண்ணில் சொல்ல வேண்டும். பறந்து முடித்ததும் மூன்று கேள்விகள், வரிசையாக. கட்டுப்படுத்த முடிந்ததா? தாங்கக்கூடிய உழைப்பில் போதுமான அளவுக்காவது வேலை முடிந்ததா? திருத்தம் இல்லாமலே திருப்தியா? இல்லை என்று சொல்கிற இடத்தில் நின்றுவிட்டு அங்கிருக்கும் வரிகளைப் படித்து எண்ணைத் தேர்வு செய்ய வேண்டும். திறமையான விமானி மட்டமான விமானத்தையும் அழகாக இறக்கிவிடுவான். வெளியே நின்று பார்க்கிறவன் கை தட்டுவான். அவனுக்கு உள்ளே எவ்வளவு வியர்த்தது என்பதை இந்த எண் மட்டும்தான் சொல்லும்.

விமானப்படை விமானம் வாங்கும்போதும் இதே புத்திதான். 126 போர் விமானம் வாங்குவதற்காக 2009, 2010-ல் ஆறு கம்பெனி விமானங்களைப் பெங்களூருக்கும், ஜெய்சல்மேர் வெயிலுக்கும், பத்தாயிரம் அடிக்கு மேலே இருக்கிற லே விமான தளத்துக்கும் வரவழைத்து ஓட்டிப் பார்த்தார்கள். ஆறுக்கும் ஒரே கேள்வித்தாள். லேயில் காற்று மெலிந்திருக்கும், இன்ஜின் முழுப் பலம் தராது. கண்காட்சியில் தலைகீழாகப் பறந்து காட்டியதெல்லாம் அங்கே செல்லாது. (அத்தனை சோதனைக்குப் பிறகு அந்தப் பேரம் என்ன ஆயிற்று என்பது வேறு கதை. அதற்கு நான் மதிப்பெண் போட்டால் பத்துதான்.)

நாங்கள் டாஸ்க் எழுதினோம். முதலாவது, நேராக வந்து தரை இறக்குதல். குறிக்கு முன்னும் பின்னும் 75 மீட்டர், நடுக்கோட்டுக்கு இரு பக்கமும் 5 மீட்டருக்குள் தொட்டால் விரும்பிய தரம். அதன் இரண்டு மடங்குக்குள் என்றால் போதுமான தரம். இரண்டாவது, நடுக்கோட்டிலிருந்து 45 மீட்டர் தள்ளி வேண்டுமென்றே கோணலாக இறங்கி வந்து, 200 அடியில் நான் "இப்போ" என்றதும் நடுவுக்குத் திரும்பி அதே கட்டத்துக்குள் தொட வேண்டும். இந்த இரண்டாவதுதான் மறைந்திருக்கும் குறையை வெளியே இழுக்கும். நிறைகுடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ரோட்டில் நடந்தால் சிந்தாது. வரப்பில் நடக்கவிட்டுப் பார்க்க வேண்டும்.

உட்காருவதற்கு முன் நான் தராசை மாட்டினேன். ஸ்டிக் நகர ஆரம்பிக்கவே 210 கிராம் வேண்டியிருக்கிறது. பின்னால் முழுக்க இழுக்க 900 கிராம். விட்டால் நடுவுக்குச் சரியாகத் திரும்பவில்லை, கொஞ்சம் வலது பக்கம் நின்றுவிடுகிறது. நகர ஆரம்பிக்கிற பலத்துக்கும் முழு இழுப்புக்கும் நடுவே இடைவெளி இவ்வளவு குறுகலாக இருந்தால், நுணுக்கமாக ஒன்றும் செய்ய முடியாது. கல்லாப் பையன் முதலாளிக்குப் போன் போட்டுவிட்டான், "யாரோ ரெண்டு தாத்தா ஸ்டிக்கில லக்கேஜ் தராசு மாட்டறாங்க" என்று. பத்து நிமிடத்தில் முதலாளி வந்துவிட்டான்.

அப்புறம் தாமதம். போனில் ஸ்லோ மோஷன், விநாடிக்கு 240 படம். கையும் திரையும் ஒரே சட்டத்தில் வரும்படி வைத்து, ஸ்டிக்கைச் சட்டென்று இழுக்கச் சொன்னேன். பிறகு உட்கார்ந்து ஒவ்வொரு படமாக எண்ணினேன். கை அசைந்ததிலிருந்து திரையில் அடிவானம் அசைய 41 படம். பத்து முறை எடுத்தேன், 38-லிருந்து 46 வரை வந்தது. 41 என்றால் 171 மில்லிவிநாடி. அமெரிக்க ராணுவத்தின் பழைய பறத்தல் தரக் குறிப்பு ஒன்று இருக்கிறது. தாமதம் விநாடியில் பத்தில் ஒரு பங்குக்குள் இருந்தால் முதல் தரம், ஐந்தில் ஒரு பங்குக்குள் இரண்டாம் தரம், கால் விநாடி வரை மூன்றாம் தரம், அதற்கு மேல் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. ஆக இது இரண்டாம் தரத்தின் கடைசிப் படிக்கட்டு. பேரனுடைய மூக்கு ஏன் ஆடியது என்று தெரிந்துவிட்டது. பாவம், அவன் கையைக் குறை சொன்னார்கள்.

சீட் அதைவிட மோசம். 70 படம் கழித்துத்தான் அசைகிறது. கண் ஒன்று சொல்கிறது, முதுகு கொஞ்சம் பொறுத்து வேறொன்று சொல்கிறது. பேரனுக்கு அன்றைக்கு ராத்திரி தலைவலி வந்ததற்கு இதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

சார் ஓட்டினார். நேர் இறக்கம் மூன்று முறை. மூன்றும் போதுமான கட்டத்துக்குள் விழுந்தன, ஆனால் இரண்டு விரும்பிய தரத்துக்கு வெளியே. முதலாளி கை தட்டினான். சார் திரும்பாமலே, "அஞ்சு" என்றார். எனக்கு உள்ளூர ஒரு பெருமை, நானும் அதையே சொல்லியிருந்தேனே. கோணல் இறக்கம் மூன்று முறை. முதல் முறை மூக்கு ஆடி ஓடுபாதைக்குப் பக்கத்துப் புல்லில். இரண்டாவது முறை இறக்காமல் மேலே கிளப்பிவிட்டார். மூன்றாவது எப்படியோ தொட்டது, ஆனால் கட்டத்துக்கு வெளியே. சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டு, "ஏழு. கையை விட்டுப் போகலை, ஆனா வேலை முடியலை" என்றார். சீட் மோட்டாரை அணைத்துவிட்டு மறுபடி ஓட்டச் சொன்னேன். ஆறு. அதாவது, கூடுதல் காசு வாங்கிக்கொண்டு கொடுக்கிற அந்த ஆடும் சீட், விமானத்தை ஒரு எண் கெடுக்கிறது. அதற்கு மட்டும் தனியாக 400 ரூபாய்.

முதலாளிக்கு முகம் வாடிவிட்டது. "அங்கிள், எல்லாரும் அஞ்சு ஸ்டார்தான் குடுக்கறாங்க. போன வாரம் உங்க பேரன்கூட..." என்றான். நான் வேறு பக்கம் பார்த்தேன். சார்தான் அவனை உட்கார வைத்து, ஒரு பேப்பரில் படம் போட்டு, அரை மணி நேரம் விளக்கினார். கோபித்துக்கொண்டு எழுந்து போகாமல் பையன் கடைசி வரை கேட்டான், தராசு எண்களைப் போட்டோ எடுத்துக்கொண்டான். எத்தனையோ பெரிய மனிதர்கள் சோதனை அறிக்கையைப் பார்த்து அப்படி உட்காரமாட்டார்கள்.

தாமதம் எங்கிருந்து வருகிறது என்று மூன்று பேரும் மண்டையைக் குடைந்துகொண்டோம். கம்ப்யூட்டரா, ஸ்டிக்கின் மென்பொருளா? வீட்டுக்கு வந்து பேரனிடம் சொன்னேன். அவன் தலையைத் தூக்காமலே, "டிவில மூவி மோட் இருக்கும் தாத்தா. கேம் மோட் போடணும். நம்ம ஹால் டிவிலயும் அப்படித்தானே" என்றான். மூன்றும் வீட்டு டிவிகள். சினிமா வழவழப்பாகத் தெரிவதற்காக ஒவ்வொரு படத்தையும் பிடித்து வைத்து மெருகேற்றிவிட்டுத்தான் காட்டும். போனில் சொன்னதும் முதலாளி, "அங்கிள், ரிமோட்டைக் காணோம்" என்றான். இரண்டு நாள் தேடியிருக்கிறான்.

மூன்றாவது முறை போனோம். டிவியில் கேம் மோட். ஸ்டிக்குக்கு ஸ்பிரிங் மாற்றியிருந்தான், கொஞ்சம் கிரீஸும் போட்டிருந்தான். நகர ஆரம்பிக்க 90 கிராம், முழு இழுப்புக்கு 1,400. தாமதம் 27 படம், 112 மில்லிவிநாடி. முதல் தரத்துக்கு ஒரு முடியளவு வெளியே. சீட் மட்டும் அப்படியே இருக்கிறது, அதற்குக் காசு வேண்டுமாம். சார் சீட்டை அணைத்துவிட்டுக் கோணல் இறக்கம் ஓட்டினார். மூன்றும் விரும்பிய கட்டத்துக்குள். "நாலு" என்றார். பேரன் ஓட்டினான். ஒரு முறை புல்லில் போனான், இரண்டு முறை கட்டத்துக்குள் தொட்டான்.

மற்ற விஷயங்கள் சுருக்கமாக. ஹெட்செட்டுகளில் முந்தைய வாடிக்கையாளரின் தலை எண்ணெய் வாசனை வருகிறது, துடைக்க ஒரு துணியாவது வைக்கலாம். காபி 120 ரூபாய், மெஷின் காபி, வேண்டாம். கீழே இறங்கி எதிர்ச் சாரியில் இருக்கும் தர்ஷினியில் குடியுங்கள். கழிவறை பல் டாக்டரோடு பொது, சுத்தமாக இருக்கிறது. முதுகு வலி உள்ளவர்களுக்குக் காக்பிட்டில் ஏறுவது சிரமம், சாரைத் தூக்கி உட்கார வைக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குக் கால் எட்டாது. போவதானால் ஆடும் சீட்டை எடுக்காதீர்கள், அந்த 400 ரூபாய்க்கு இன்னும் கொஞ்ச நேரம் ஓட்டித் தருகிறாயா என்று கேளுங்கள், தருகிறான். உட்கார்ந்ததும் மிசைலைக் கேட்காமல், பத்து நிமிடம் ஒரே உயரத்தில் ஒரே வேகத்தில் நேராக ஓட்டக் கற்றுத் தரச் சொல்லுங்கள்.

பேரன் போட்ட அந்த ஐந்து நட்சத்திரத்தைத் திருத்த முடியுமா என்று கேட்டேன். முடியுமாம். "அப்போ நாலு போடவா தாத்தா?" என்றான். நாலு என்பது முன்னேற்றம் என்று அந்த ஆப்புக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அப்படியே விட்டுவிடச் சொன்னேன். செவ்வாய்க்கிழமைகளில் பாதி விலை. சார் ஏற்கெனவே அடுத்த வாரத்துக்கு டாஸ்க் எழுதிவிட்டார், பக்கக் காற்று 15 நாட் (knot) வேகத்தில்.